கட்டை அடுக்கி அணுக்கருவை அறிதல்

(ஆசிரியர்களும் கல்வி அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கண்ணுக்குப் புலப்படாத பொருளைக் கற்பிப்பது எளிதன்று. அணுக்கருவைக் கரும்பலகையில் வட்டமாக வரைகிறோம். மாணவர் அதைத் தேர்வில் திருப்பி வரைகிறார். அணு மின்சாரத்தின் நன்மை தீமைகளை நாளை எடைபோட வேண்டிய குடிமக்களுக்கு இந்த வட்டம் போதுமா?

இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார், சிறுவர் விளையாடும் 'லெகோ' கட்டைகளைக் கொண்டு அணுக்கருக்களின் அட்டவணையையே மாணவர்களுடன் சேர்ந்து அமைத்துக் காட்டினர். துகள் இயற்பியலை இக்கட்டைகளால் விளக்கும் நூலொன்றைப் பென் ஸ்டில் என்னும் இயற்பியலார் 2017-இல் வெளியிட்டார்.

இம்முறையை நம் நாட்டுப் பொருளொன்றில் பொருத்திப் பார்ப்போம். கேரள, தமிழகக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு. அதன் கருவில் 90 புரோட்டான்களும் 142 நியூட்ரான்களும் உள்ளன. அவற்றுக்கு முறையே சிவப்பு, கறுப்புக் கட்டைகளை வைப்போம். ஒரு கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் தோரியம்-233. பின்னர் ஒரு கறுப்பை எடுத்துச் சிவப்பை வைத்தால் புரோட்டாக்டினியம்-233; மீண்டும் அவ்வாறே செய்தால் யுரேனியம்-233. முதல் மாற்றத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 22 நிமிடம்; அடுத்ததற்கு 27 நாள். எளிதில் பிளவுறாத தோரியம் இவ்வாறு பிளவுறும் எரிபொருளாகிறது. 1996-இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய 'காமினி' உலையின் எரிபொருள் இதுவே. நமது மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் இறுதிக் கட்டமும் இதையே நம்பியிருக்கிறது.

கறுப்பு எவ்வாறு சிவப்பாகும்? ஒவ்வொரு கட்டையையும் மூன்று சிறு துண்டுகளாகக் கொள்க. அவையே குவார்க்குகள். மேல் குவார்க்கின் மின்னூட்டம் +2/3. கீழ் குவார்க்கினது -1/3. நியூட்ரானில் ஒரு மேலும் இரு கீழும் உள்ளன. கீழ் ஒன்று மேலாக மாறினால் புரோட்டான் பிறக்கிறது. உடன் வெளியேறும் எலக்ட்ரான் மின்னூட்டக் கணக்கை நேர் செய்கிறது. எதிர்நியூட்ரினோ ஒன்றும் வெளியேறுகிறது.

ஆனால் கட்டைகள் ஓரிடத்தில் பொய்க்கும். இரண்டு சிவப்பையும் இரண்டு கறுப்பையும் சேர்த்தாலும் தராசில் எடை மாறாது. ஹீலியம் கருவோ தன் உறுப்புகளின் கூட்டு நிறையைவிட ஏறத்தாழ 0.75 விழுக்காடு குறைந்தது. அக்குறைவே பிணைப்பாற்றலாக வெளிப்பட்டது. ஆசிரியர் இந்த வேறுபாட்டை மறைத்தலாகாது. "ஏன் குறைந்தது?" என்று மாணவரே வினவும் இடத்தில்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

விலைமிக்க கட்டைகள் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு எட்டாதவையே. வண்ணத்தாள் ஒட்டிய தீப்பெட்டிகள் போதும். நாற்பது மாணவர் ஆளுக்கு ஆறு கொணர்ந்தால் தோரியம் கருவும் அமையும்; சில பெட்டிகள் மிஞ்சவும் செய்யும்.

அலுவலர்களை வேண்டுவது ஒன்றே. வரையறையை ஒப்பிக்கச் சொல்லும் வினா தேர்வில் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் தீப்பெட்டியைத் தேடமாட்டார். மாற்றத்தைப் படிப்படியாகக் கணக்கிட்டு விளக்கச் சொல்லும் வினாவைக் கேளுங்கள். வகுப்பறையின் முறை தானே மாறும்.