வாயிற் சுவை திரிதல்



சுவை ஆறென்பது தமிழ்நூல் மரபு. யாதும் உண்ணாதபோதும் வாயிற் கைப்போ, புளிப்போ, அவ்வாறனுள் அடங்காத இரும்பின் சுவையோ நிற்பதாகச் சிலர் கூறுகின்றனர். அதனை அற்பமென்று தள்ளலாகாது; அஞ்சி நடுங்கவும் வேண்டுவதில்லை. காரணம் இன்னதென்று ஆராய்தலே தக்கது.

முதற்கண் ஆராயத்தக்கது, குற்றம் பருகும் நீரிலா, உண்பவர் உடம்பிலா என்பது. கடலையடுத்த மயிலை, அடையாறு முதலிய இடங்களில் நிலத்தடி நீரை அளவிறந்து இறைப்பின் உவர்நீர் உட்புகும். 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது இத்தகைய கேட்டைத் தணித்தற்கும் உதவுவதாம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திற் புளிக்குழம்பு வைப்பின் களிம்பேறிக் கைக்கும். இவற்றைப் பெரும்பாலும் வீட்டார் அனைவருமே உணர்வர். ஒருவர் மட்டும் உணர்வாராயின், காரணத்தை அவர் உடம்பிலே தேடுதல் வேண்டும்.

பல்லீற்றில் இரத்தங் கசியின் இரும்புச் சுவை தோன்றும். உண்டவுடன் படுப்பார்க்கு இரைப்பையின் அமிலம் மேலேறிப் புளிப்பும் கைப்பும் உண்டாகும். சீதபேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும், நீரிழிவிற்குரிய மெட்பார்மினும் சிலர்க்கு உலோகச் சுவை தரும். சுவையென்று நாம் கொள்வதிற் பெரும்பகுதி மணமே. ஆதலின் மூக்கிற் பழுது நேரினும் சுவை திரியும். 2020-ஆம் ஆண்டிற் பரவிய கோவிட் நோயினாற் பலர் மணமும் சுவையும் இழந்தமை யாவரும் அறிந்ததே.

இவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. சிறுநீரகம் பெரிதும் பழுதுபடின், இரத்தத்தில் மிகுந்த யூரியா உமிழ்நீரிற் கலந்து அம்மோனியாவாகச் சிதையும். உலோகச் சுவையும் உணவில் வெறுப்பும் உண்டாகும். நோய் முற்றிய பின்னரே பெரும்பாலும் இக்குறி தோன்றுதலின், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நெடுநாள் உடையார் காலந்தாழ்த்தலாகாது.

நம் இல்லங்களில் நிகழ்வது யாது? மாமனார் சோற்றை ஒதுக்கினால் மருமகளின் கைப்பாகம் பழிக்கப்படுகிறது. அன்றேல், 'வயதானால் அப்படித்தான்' என்று பேச்சு முடிகிறது. முதியவரோ, மருந்தே காரணமென ஐயுற்று, ஒருவர்க்கும் உரையாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். முன்னதால் இல்லறத்தின் அமைதி கெடும்; பின்னதால் உயிர்க்கே ஏதம் வரும்.

ஆதலின், சுவைமாற்றம் இரண்டு வாரங்கட்கு மேல் நீடிப்பின் பல் வைத்தியரிடம் ஈற்றைக் காட்டுங்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவர்முன் வைத்து, சர்க்கரைக்கும் சிறுநீரகத்திற்கும் உரிய இரத்தச் சோதனைகள் வேண்டுமோ என வினவுங்கள். பொருள்வசதி குறைந்தோர்க்கு இராயப்பேட்டை அரசினர் மருத்துவமனை அணித்தேயுள்ளது. மருந்தை மாற்றுதல் மருத்துவர் கடன்; பெரியோர் கூறுவதைச் செவிமடுத்தல் நம் கடன்.