சட்டையின் விலையை யார் கொடுக்கிறார்கள்?



வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவுக்குச் செல்லும் பயணியின் கண்ணில் முதலில் படுபவை ரிக்‌ஷாக்கள்தாம். வண்டியின் பின்புறத்தில் மயில், தாமரை, சினிமா நட்சத்திரங்கள் என வண்ண வண்ண ஓவியங்கள். டாக்கா ரிக்‌ஷாவையும் அதன் ஓவியக் கலையையும் 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பயணிகள் ஆசையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். வண்டியை மிதிப்பவரின் வெடித்த பாதத்தைப் படம் எடுப்பவர்கள் குறைவு.

காலை ஏழு மணிக்குச் சாவார், காசிப்பூர் வட்டாரங்களுக்குப் போனால் வேறொரு காட்சி. கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சாரை சாரையாகப் பெண்கள் நடந்து போகிறார்கள். அவர்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் தொழிலாளர்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள். ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகள் மூலமே வருகிறது. நாம் பேரங்காடியில் வாங்கும் சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். அந்த நாட்டின் பெயர் இருந்தாலும் இருக்கும்.

உலகமயமாதல் நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவது சுலபம். அந்தச் சாலையில் நடக்கும் பெண்ணுக்கு அது அவ்வளவு சுலபமான கேள்வி அல்ல. கிராமத்தில் கூலியே இல்லாமல் உழைத்தவள், இங்கே மாதம் பிறந்தால் தன் கையால் சம்பளம் வாங்குகிறாள். தம்பி தங்கையின் பள்ளிச் செலவுக்குப் பணம் அனுப்புகிறாள். வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறது. தொழிற்சாலையை மூடிவிட்டால் அவள் வறுமை தீர்ந்துவிடாது, கூடத்தான் செய்யும்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள். சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கியும் இருந்தன; மேல்தளங்களில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். விரிசலைக் கண்டதும் வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே போகும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் கூறினார்கள். சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள்.

நேயர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். விரிசல் ஒன்றுதான், கட்டடமும் ஒன்றுதான். வங்கி ஊழியர் பிழைத்தார், தையல் தொழிலாளி மாண்டார். அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டாக்கா. ஒரு மாதச் சம்பளம் நின்றுபோனால் வாடகைக்கும் அரிசிக்கும் வழியில்லை. அவர்களுக்காகப் பேச அந்த ஐந்து தொழிற்சாலைகளிலும் தொழிற்சங்கம் இல்லை. கையில் காசு இல்லாதது மட்டும் வறுமை அல்ல. ஆபத்து எதிரே நிற்கும்போது கூட 'நான் போகமாட்டேன்' என்று சொல்ல முடியாத நிலைதான் கொடிய வறுமை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு உலகம் சும்மா இருக்கவில்லை. 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன, தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, பலவீனமான தூண்கள் வலுப்படுத்தப்பட்டன. வாங்குவோர் கேள்வி கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இதுவே சான்று.

சம்பளத்தில்தான் இன்னும் இழுபறி. 2023-ஆம் ஆண்டு இறுதியில் தொழிலாளர்கள் 23,000 டாக்கா கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். நிர்ணயிக்கப்பட்டது 12,500 டாக்கா. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 113 அமெரிக்க டாலர். அதே ஆண்டில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட், அதாவது அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

வெளிநாட்டு வறுமை என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடிய நம் தாத்தா பாட்டிமார்களுக்கும் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. அது சங்கம் அமைத்துப் போராடிப் பெற்ற உரிமை.

அடுத்த முறை மலிவு விற்பனையில் சட்டை வாங்கும்போது, விலை ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு கணம் கேளுங்கள். நாம் கொடுக்காத மிச்சப் பணத்தை எங்கோ ஒருத்தி தன் சம்பளத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.