தலைமை என்னும் திருப்பணி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற தொழிலாளர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பங்கு ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்து பொன்விழாக் கொண்டாடும் இந்த இனிய வேளையில், கோவில் கட்டிய வரலாற்றைப் பற்றியோ, செங்கல்லும் மணலும் சுமந்த நம் முன்னோரைப் பற்றியோ பேசாமல், ஆலையிலும் அலுவலகத்திலும் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே, இதற்கும் விழாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நெருங்கிய தொடர்பு உண்டு.

ஐம்பதாம் ஆண்டு என்பது வேதாகமத்தில் எதற்காக ஏற்பட்டது? லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்த ஆண்டில் நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் விற்கப்பட்ட நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். தன்னையே விற்றுக்கொண்டு அடுத்தவன் வீட்டில் ஊழியம் செய்த சகோதரன் தன் குடும்பத்தோடு விடுதலையாகி வீடு திரும்ப வேண்டும். அவன் வேலை செய்த காலத்திலும் அவனைக் கொடுமையாக ஆளக்கூடாது என்றும் அங்கே கட்டளை இருக்கிறது. ஆகவே, முதன்முதல் ஜூபிலி என்பது தன் கையின்கீழ் ஆட்களை வைத்திருப்பவன் தன்னையே சோதித்துப் பார்க்க வேண்டிய ஆண்டு. தோரணமும் வாணவேடிக்கையும் பின்னால் வந்தவை.

"நாங்கள் முதலாளிகள் அல்லவே, இது எங்களுக்கு எதற்கு?" என்று கேட்க வேண்டாம். தலைமை என்பது பெரிய நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று. நான்கு சித்தாட்களை வைத்து வேலை வாங்கும் கொத்தனார் மேஸ்திரி ஒரு தலைவர். மருத்துவமனை வார்டில் பயிற்சி நர்சுகளை வழிநடத்தும் மூத்த நர்ஸ் ஒரு தலைவர். தையற்கூடத்தில் ஒரு வரிசையைக் கவனிக்கும் சூப்பர்வைசர் ஒரு தலைவர். பள்ளித் தலைமையாசிரியை, ஓட்டல் சமையற்கட்டின் தலைமைச் சமையற்காரர், வீட்டு வேலைக்கு ஓர் அம்மாவை அமர்த்தியிருக்கும் நம் இல்லத்தரசிகள் எல்லோருமே தலைவர்கள்தாம். ஒருவருடைய கூலியும், ஓய்வும், மானமும் நம் ஒரு சொல்லைப் பொறுத்து இருக்குமானால், அங்கே நாம் தலைவர்கள்.

இதைப்பற்றிப் பிறருக்குப் போதிக்கும் முன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவர் ஒரு தொழிற்சாலையின் கடைசல் பிரிவில் போர்மேன்களாக வேலை செய்துவந்தோம். ஒரு முறை பம்பு ஷாப்ட் எண்பது உருப்படிகள் செய்ய வேண்டியிருந்தது. திருத்திய புதிய டிராயிங் வந்திருக்க, நாங்கள் பழைய டிராயிங்கைப் பார்த்து ஜாப் கார்டில் தவறான அளவை எழுதிக் கொடுத்துவிட்டோம். லேத்தில் நின்ற தொழிலாளி, கார்டில் கண்டபடியே கடைந்து முடித்தார். சோதனையில் எண்பதும் கழிக்கப்பட்டன. அலுவலகத்தில் விசாரணை எழுந்தபோது, "டர்னர் கவனக்குறைவு" என்று யாரோ எழுதிவிட்டார்கள். அவருக்கு மெமோ கொடுத்து, சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் அவர் வேலைக்கு வரவில்லை.

அந்த ஜாப் கார்டு எங்கள் மேசை அறையில்தான் கிடந்தது. தவறு எங்களுடையது என்று வெள்ளி மாலையே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, வாய் திறக்கவில்லை. எங்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. மற்றவருக்கு மகள் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஆளுக்கொரு காரணம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குச் சென்றோம். அந்தத் தொழிலாளியும் நம் பங்கைச் சேர்ந்தவர்தாம். சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் அவர் எங்கள் பக்கம் திரும்பி, வழக்கம்போல் புன்னகையோடு கைகூப்பினார். நாங்களும் கூப்பினோம். அதன்பின் நற்கருணை வாங்க எழுந்து செல்ல எங்களுக்குக் கால் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கார்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் இருவருக்கும் ஓராண்டு இன்கிரிமெண்ட் நிறுத்தப்பட்டது. அவருக்கு நிறுத்திய சம்பளம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வந்ததும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "அண்ணே, சம்பளம் வந்துடுச்சு. ஆனா என் பையன் தினமும் 'ஏம்ப்பா வேலைக்குப் போகல, நீ என்ன தப்புப் பண்ணே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அவனுக்கு யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை ஷிப்டு மாறும் நேரத்தில், எல்லாத் தொழிலாளர்கள் முன்னிலையிலும் குற்றம் எங்களுடையது என்று சொன்னோம். பிறகு அவர் வீட்டுக்குச் சென்று அந்தச் சிறுவனிடமும் சொன்னோம். அலுவலகத்தில் சொன்னதைவிட, ஒன்பது வயதுப் பையனிடம் சொல்வதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபை போதிப்பதுபோல, கெடுத்த நற்பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் போதிக்கிறது. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த இந்த உண்மையின் பொருள் எங்களுக்குத் தலை நரைத்த பிறகுதான் விளங்கிற்று.

தலைமைக்கு வேண்டிய முதற்பண்பு உண்மை என்று சொன்னால், இரண்டாவது பண்பு கேட்கும் செவி. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் மோந்தே கசினோ மலையில் மடம் அமைத்து, துறவிகளுக்காக ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். அதில் 73 அதிகாரங்கள் உள்ளன. மடத்துக்காக எழுதப்பட்டதாயினும், வேலை வாங்குகிறவர்கள் யாவரும் படித்துப் பயன்பெறத்தக்க நூல் அது. முக்கியமான காரியம் எதுவாயினும் மடாதிபதி அனைவரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும் என்று மூன்றாம் அதிகாரத்தில் விதிக்கிறார். எல்லாருக்கும் இளையவரையும் ஏன் கேட்க வேண்டும்? சிறந்த வழியை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் கூறுகிறார். முடிவு செய்யும் பொறுப்பு மடாதிபதியுடையது. ஆனால் கேட்காமல் முடிவு செய்ய அவருக்கு உரிமையில்லை.

நம் வள்ளுவப் பெருந்தகையும் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில், காதுக்குக் கசப்பான சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்புடைய அரசனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்ற கருத்தை வைத்திருக்கிறார். எங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஷாப்டைக் கடையும்போதே அந்தத் தொழிலாளிக்கு அளவில் ஐயம் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முந்திய மாதம் வேறொரு வேலையில் ஐயம் கேட்டபோது, "கார்டில் உள்ளதைச் செய்" என்று நாங்கள் சினந்து விழுந்திருந்தோம். ஆகவே இம்முறை அவர் கேட்கவில்லை. அன்று நாங்கள் காது கொடுத்திருந்தால் எண்பது ஷாப்டும் கெட்டிருக்குமா?

அதே ஒழுங்கு நூலில் மடத்தின் பொருள்களைக் காக்கும் பண்டசாலைத் துறவியைப் பற்றி ஓர் அதிகாரம் வருகிறது. மடத்தின் கருவிகள் யாவற்றையும் அவர் பீடத்தின் பாத்திரங்களைப்போல் மதிக்க வேண்டுமாம். கேட்பவருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லையென்றால், ஓர் அன்பான சொல்லையாவது கொடுக்க வேண்டுமாம். மடாதிபதி திருத்தும்போதும் அளவு மீறக்கூடாது. துருவைச் சுரண்டுகிறேன் என்று பாத்திரத்தையே உடைத்துவிடக் கூடாது என்கிறார் புனிதர். நம்மில் எத்தனை பேர் துருவைச் சுரண்டுவதாக எண்ணிக்கொண்டு பாத்திரத்தை உடைத்திருக்கிறோம்! பலர் நடுவில் திட்டப்பட்டு, அன்றோடு மனம் விட்டுப்போன இளைஞர்களை நாம் அறியோமா?

மூன்றாவது பண்பு, பிறருக்காக இழக்கத் துணியும் மனம். இதற்கு அர்ஜென்டினா நாட்டின் என்ரிக்கே ஷா என்னும் பொதுநிலையினர் நல்ல சான்று. 1921-இல் பிறந்த இவர் கடற்படை அதிகாரியாக இருந்து, பின்பு ஒரு பெரிய கண்ணாடித் தொழிற்சாலையின் நிர்வாகத் தலைவரானார். ஒன்பது பிள்ளைகளின் தந்தை. 1961-இல் அத்தொழிற்சாலையிலிருந்து 1,200 தொழிலாளர்களை நீக்கிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. அப்போது அவர் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும், ஒருவரை நீக்கினாலும் தாம் பதவி விலகுவதாகக் கூறி, ஆட்களை நீக்காமலே நெருக்கடியைக் கடக்க ஒரு திட்டத்தையும் வகுத்து முன்வைத்தார். அவர் கருத்தே வென்றது. அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது 260 தொழிலாளர்கள் இரத்ததானம் செய்ய முன்வந்தார்கள். இப்போது என் உடலில் ஓடுவது பெரும்பாலும் தொழிலாளரின் இரத்தமே என்று சொல்லி அவர் மகிழ்ந்தாராம். 1962-இல், தம் 41-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் வெறும் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை. கணக்குப் போட்டுத் திட்டமும் கொடுத்தார். தொழில் திறமையில்லாத பக்தி தொழிற்சாலையை மூடிவிடும். பக்தியில்லாத திறமை மனிதரை நசுக்கிவிடும். இரண்டும் சேர்ந்திருந்ததால் 1,200 வீடுகளில் அடுப்பு எரிந்தது.

திருச்சபை இதை இன்று நேற்றுச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) 1891-இல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் விடுத்து, குடும்பத்தைத் தாங்கத்தக்க கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு என்றார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். இளமையில் கல் உடைக்கும் சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1981-இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பு மனிதனுக்காக உள்ளது. மனிதன் உழைப்புக்காக அல்லன் என்ற உண்மையை விளக்கினார். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, அந்த 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலை நினைவில் கொண்டே தாம் இப்பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறினார். செயற்கை அறிவு வந்து வேலைகளை மாற்றிவரும் இக்காலத்திலும் மனித மாண்பும் நீதியும் உழைப்பும் காக்கப்பட வேண்டும் என்பது அவருடைய கவலை.

நம் தமிழகத்தில் நடந்த ஒரு சிறு செய்தியையும் சொல்ல விரும்புகிறோம். கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இங்கே சட்டம் நிறைவேறியது. நல்ல சட்டம். ஆனால் கால் வீங்கி நிற்கும் பெண்ணுக்கு ஒரு முக்காலி போடுவதற்குச் சட்டம் வரவேண்டியிருந்ததே என்று நாம் வெட்கப்பட வேண்டாமா? அந்தக் கடைகளில் நம் பங்கு மக்களின் கடைகள் ஒன்றுகூட இல்லையென்று நம்மால் சொல்ல முடியுமா?

அன்பர்களே, இந்தப் பண்புகள் ஒரே நாளில் வந்துவிடமாட்டா. இவற்றுக்கு வேர் செபம். வேலைக்குப் புறப்படும்முன், இன்று நம் கையின்கீழ் வேலை செய்யப்போகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்லுவோம். பெயர் சொல்லிச் செபித்த ஆளைப் பிற்பகலில் "ஏய்" என்று கூப்பிட நா எழாது. இரவில் படுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இன்று நம் தவற்றை யார் தலையிலாவது சுமத்தினோமா? இன்று யாராவது ஐயம் கேட்க அஞ்சும்படி பேசினோமா? கொடுக்க வேண்டிய கூலியையோ, விடுப்பையோ, பாராட்டையோ பிடித்துவைத்தோமா? இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இயேசு பெருமான் இராவுணவின்போது இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அவர் ஆண்டவரும் போதகருமாய் இருந்துகொண்டே அதைச் செய்தார். பெரிய வியாழன்தோறும் நம் பங்குத்தந்தை அதைச் செய்யும்போது நாம் மனமுருகிப் பார்க்கிறோம். வெள்ளி கழிந்து, ஈஸ்டர் கழிந்து, வேலைக்குத் திரும்பும்போது அந்தத் துண்டைக் கோவிலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

இந்தப் பொன்விழா ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வோம். நம்மால் நற்பெயர் இழந்தவரோ, கூலி இழந்தவரோ, மனம் நொந்தவரோ ஒருவர் இருப்பார். அவர் யார் என்று நமக்கே தெரியும். விழாக் கொடி இறங்கும்முன் அவரைத் தேடிச் சென்று, இழந்ததைத் திருப்பிக் கொடுப்போம். எங்கள் பங்குக்கு ஒரு செய்தி: அந்தச் சிறுவன் இன்று வளர்ந்து ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறான். சென்ற வாரம் கோவில் வாசலில் எங்களைக் கண்டு வணங்கி, "மாமா, எங்க ஆளுங்க ஜாப் கார்டுல சந்தேகம் கேட்டா நான் கோபப்படறதே இல்ல" என்றான்.

தச்சுப் பட்டறையில் தம் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த புனித சூசையப்பர், வேலை வாங்கும் நம் எல்லோருக்காகவும் மன்றாடுவாராக.