நூலகம் எவ்வளவு தூரம்?



நூலகம் எங்கே இருக்கிறது? "பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்" என்பார் ஒருவர். "இரண்டு மைல் போக வேண்டும்" என்பார் இன்னொருவர்.

ஆனால், தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர் இரண்டு மைலைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடுவார். முழங்கால் வலியுள்ள பெரியவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட்.

வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு? காலையில் தண்ணீர், சமையல். பகலில் களையெடுப்பு. மாலையில் விறகு, பிள்ளைகள். அவர் கை கழுவி உட்காரும்போது நூலகம் பூட்டியிருக்கும். பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவருக்கு நூலகம் தூரம்தான்.

இது சின்ன விஷயமா? இல்லை. கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்து, படிக்கப் படிக்கத்தான் நிற்கும். புத்தகம் கைக்கு வராவிட்டால் மறந்து போகும். மறுபடியும் கைநாட்டுதான்.

இந்தக் கஷ்டத்தைப் பற்றி நம் நாட்டில் முன்பே யோசித்தவர்கள் உண்டு. ஆட்கள் வர முடியாவிட்டால் புத்தகம் போகட்டும் என்று முடிவு செய்தார்கள்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். அங்கே பெட்டிகளில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. படித்து முடித்ததும் பெட்டி திரும்பும். வேறு பெட்டி வரும்.

1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்தார். வண்டி ஊர் ஊராகப் போனது.

ஆந்திரப் பகுதியில் 1935இல் படகு நூலகம் தொடங்கியது. பாதூரி நாகபூஷணம் தொடங்கி வைத்த முயற்சி அது. கிருஷ்ணா கால்வாயில் படகு போகும். கரையோர ஊர்களுக்குப் புத்தகம் கிடைக்கும்.

கேரளத்தில் கிராம நூலகங்களிலிருந்து பெண்கள் பை நிறையப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நடந்தே வீடு வீடாகப் போகிறார்கள். வெளியே வர முடியாத பெண்களும் முதியவர்களும் வாசலிலேயே புத்தகம் வாங்குகிறார்கள்.

வேறொரு வழியும் உண்டு. 1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். முதலில் சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் விடவில்லை. வகுப்புக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள்.

இன்று நீங்கள் என்ன செய்யலாம்?

சந்தைக்குப் போகும் நாளில் பையில் நூலகப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும்.

நான்கு வீட்டுக்காரர்கள் சேருங்கள். வாரம் ஒருவர் முறை வைத்துப் போங்கள். மற்றவர்களின் புத்தகங்களையும் அவரே மாற்றி வரட்டும். இப்படிச் செய்யலாமா என்று நூலகரிடம் முன்பே கேளுங்கள்.

திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் கேட்டு எழுதி வையுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

நேரம் ஒத்துவராவிட்டால் கிராம சபையில் பேசுங்கள். மாலையிலும் திறக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அந்த மனுவை நீங்களே எழுதுங்கள். நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் தெருவிலிருந்து இந்த வாரம் நூலகத்துக்குப் போவது யார்? கலைந்து போகும் முன் பேசி முடிவு செய்யுங்கள்.