ஒரு சிறுநகரப் போலீசின் ஆண்டுக் கணக்கு

ஆண்டு முடிந்தால் கடைக்காரர் லாப நட்டம் பார்ப்பார். பள்ளிக்கூடம் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கும். காவல் நிலையம் எதைப் பார்ப்பது? பிடிபட்ட திருடர்களையா, நடக்காமலே போன திருட்டுகளையா? 1829இல் லண்டன் மாநகரப் போலீஸ் படை தொடங்கப்பட்டபோது, குற்றம் நடக்காமல் தடுப்பதே தலையாய நோக்கம் என்று எழுதி வைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நடக்காத திருட்டை எந்தப் பேரேட்டில் பதிவது?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாடு முழுமைக்கும் ஒரே போலீஸ் படை. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. சின்னஞ்சிறு நகரம்கூடத் தனக்கென்று ஒரு போலீஸ் துறையை வைத்துக்கொண்டு, நகர மன்றத்தின் பணத்திலிருந்தே சம்பளம் கொடுக்கும். உள்ளூர்ப் போலீஸ் துறைகளில் ஏறக்குறைய பாதியில் பத்து அதிகாரிகள்கூடக் கிடையாது.

இவர்களுடைய ஆண்டு வேலை சினிமாவில் வருவதுபோல இருப்பதில்லை. பக்கத்து வீட்டு நாய் இரவெல்லாம் குரைக்கிறது. சாவி காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. தனியாக இருக்கும் பாட்டி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை. இப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் போய் வருவதிலேயே பொழுது போய்விடும். ஜப்பானில் இதையே முறையான கடமையாக வைத்திருக்கிறார்கள். கிராமப்புறங்களில் போலீஸ்காரர் காவல் நிலையத்தை ஒட்டிய வீட்டில் குடும்பத்தோடு வசித்து, வட்டாரத்து வீடுகளுக்குச் சென்று நலம் விசாரித்து வருவார். அந்த நாட்டுக் காவல் சாவடிகளைப் பார்த்துத்தான் சிங்கப்பூர் 1983இல் தோ பாயோவில் அக்கம்பக்கப் போலீஸ் நிலையங்களைத் தொடங்கியது.

கதவைத் தட்டி நலம் கேட்பதால் கருவூலத்துக்கு ஒரு காசும் வராது. சம்மன் எழுதினால் வரும். சிறு நகரத்துக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் ஃபெர்குசன் என்றொரு ஊர். 2014 வாக்கில் அதன் மக்கள் தொகை சுமார் 21,000. போலீஸ் அதிகாரிகள் 54 பேர். 2014 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஆயுதம் ஏதும் இல்லாத மைக்கல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் அங்கே ஒரு போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் கொந்தளித்தது, உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சுட்ட அதிகாரி மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அமெரிக்க நீதித் துறை 2015 மார்ச் 4ஆம் தேதி அறிவித்தது. ஆனால் அதே நாளில் அந்தப் போலீஸ் துறை முழுவதையும் பற்றி இன்னோர் அறிக்கையையும் வெளியிட்டது. துப்பாக்கிச் சத்தம் அடங்கிய பிறகும் படிக்கவேண்டிய அறிக்கை அது. அதில் பாதி, வரவுசெலவுக் கணக்கு!

2010ஆம் நிதியாண்டில் நகரத்தின் பொது வருமானம் 1 கோடியே 10 லட்சம் டாலர். அதில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் 13 லட்சத்து 80 ஆயிரம், அதாவது எட்டில் ஒரு பங்கு. 2015ஆம் நிதியாண்டுக்கு நகரம் எதிர்பார்த்த அபராத வருமானமோ 30 லட்சத்து 90 ஆயிரம் டாலர். மொத்த வருமானத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுத்தான் குறைவு. குற்றம் நடப்பதற்கு முன்பே, அதிலிருந்து எவ்வளவு வரும் என்று பட்ஜெட்டில் எழுதியாகிவிட்டது.

இது யாரோ சில போலீஸ்காரர்களின் பேராசை அன்று. சம்மன் எழுதுவதை நன்றாகக் கூட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று நகரத்தின் நிதி அதிகாரியே 2010 மார்ச்சில் போலீஸ் தலைவருக்கு எழுதினார். எத்தனை சம்மன் எழுதினார் என்பதை வைத்தே அதிகாரியின் உழைப்பு மதிப்பிடப்பட்டது. வீட்டு முன்னால் புல் வளர்ந்திருந்தால் 531 டாலர், சாலையில் நடந்த விதம் சரியில்லை என்றால் 302 டாலர் என்று அபராதம் விதித்த வழக்குகள் உண்டு. சாலையில் நடக்கத் தெரியாமல் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். அந்தக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் கறுப்பினத்தவர். ஊரில் அவர்கள் நூற்றுக்கு 67 பேர்தான்.

2014 டிசம்பரில் அந்த ஊர் நீதிமன்றத்தின் கைது ஆணை நிலுவையில் இருந்தவர்கள் 16,000 பேருக்கு மேல். வெளியூரிலிருந்து வந்து போனவர்களும் இதில் அடக்கம் என்றாலும், 21,000 பேர் வாழ்ந்த ஊரில் இது என்ன கணக்கு?

அறிக்கை வெளிவந்த அதே மாதத்தில் போலீஸ் தலைவர், நகர நிர்வாகி, நகர நீதிபதி மூவரும் பதவி விலகினர். நகரங்களின் வருமானத்தில் போக்குவரத்து அபராதம் எவ்வளவு இருக்கலாம் என்ற உச்சவரம்பை மிசூரி மாநிலம் அதே ஆண்டு சட்டம் போட்டுக் குறைத்தது. 2016இல் போலீஸ் துறையைச் சீர்திருத்த நீதித் துறையுடன் நகரம் உடன்பாடு செய்துகொண்டது.

அதற்குள் சிக்கியவர்கள் சிக்கிவிட்டார்கள். அறிக்கையில் பெயர் சொல்லப்படாத ஒரு பெண் வருகிறார். 2007இல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக அவருக்கு இரண்டு சம்மன்கள், 151 டாலரும் கட்டணமும். கையில் பணமில்லை, சில காலம் தங்க வீடும் இல்லை. தவணை தவறியதற்கும் நீதிமன்றத்துக்கு வராததற்கும் ஏழு முறை புதிய குற்றச்சாட்டு. இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். ஒரு முறை 25 டாலர், இன்னொரு முறை 50 டாலர் என்று கட்டப் பார்த்தார். முழுத் தொகையும் வேண்டும் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பருக்குள் அவர் 550 டாலர் கட்டியிருந்தார். அப்போதும் அவர் பெயரில் 541 டாலர் பாக்கி நின்றது.