அளந்து வெட்டும் கை

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. துணியை அளக்காமல் கத்தரி வைக்கும் தையற்காரர் உலகத்தில் இல்லை. ஆனால் துணியை அளக்கும் அதே கை, காசை அளக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? நான் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கொண்டு இன்று அதைச் சிந்திப்போம்.

எங்கள் தோட்டத்திற்கு அருகிலுள்ள சிறிய பட்டணத்தில் ஒரு தையற்கடை. கணவர் வெட்டுவார், மனைவி தைப்பார். ஒரு காலத்தில் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே அங்கே துணி குவிந்துவிடும். பிறகு காலம் மாறியது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் நகரத்திற்குப் பெயர்ந்தன. எஞ்சியவர்களும் பேரங்காடியில் ஆயத்த உடை வாங்கப் பழகிவிட்டார்கள்.

தளர்ந்திருந்த அந்தக் கடைமீது, 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு பேரிடியாக விழுந்தது. கடை மூடிக் கிடந்தாலும் வாடகை நிற்கவில்லை. ஆகஸ்டு முதல் நாள் கூட்டமுள்ள பொது இடங்களில் முகக்கவரி கட்டாயமானபோது, மிஞ்சிய பருத்தித் துணியில் முகக்கவரி தைத்து விற்றார்கள். சில வாரம் சோறு கிடைத்தது. மலிவான முகக்கவரி கடைகளில் நிறைந்ததும் அதுவும் ஓய்ந்தது. நவம்பர் 14-இல் வந்த தீபாவளிக்கும் துணி சேரவில்லை.

“மெஷினை வித்துடலாம்னு பார்க்கிறேன், வாத்தியாரே” என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மறுமொழியைக் கண்டவர் அவருடைய மகள். என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த அந்தப் பெண், அப்போது படிவம் ஐந்தில் இருந்தார். எஸ்.பி.எம். தேர்வு மறு ஆண்டுக்குத் தள்ளிப்போயிருந்தது. படிப்புக்கு நடுவே பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரு மாதம் கடையில் நடந்த வேலை ஒவ்வொன்றையும் எழுதினார். என்ன வேலை, எத்தனை நேரம், கூலி எவ்வளவு, செலவு போக மிச்சம் எவ்வளவு என்று நான்கு கட்டங்கள்.

அந்தக் கணக்கு சொன்னதைக் கேளுங்கள். ஒரு சட்டைக்குக் கூலி 25 வெள்ளி. நூல், பொத்தான், கழுத்துப்பட்டை உள்துணிக்கு 4 வெள்ளி போனால் மிச்சம் 21. வேலை மூன்று மணி நேரம். ஆக, மணிக்கு 7 வெள்ளி. நீளமான காற்சட்டையின் காலை மடித்துத் தைக்கக் கூலி 5 வெள்ளி. வேலையோ கால் மணி நேரம். அதாவது, மணிக்குக் கிட்டத்தட்ட 20 வெள்ளி!

ஆனால் அந்த வேலையைத்தான் தகப்பனார் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். “கோட்டு தைக்கக் கத்துக்கிட்டது கிழிசல் தைக்கவா?” என்பது அவர் கேள்வி. மனைவி அமைதியாகச் சொன்னார்: “கடையில வாங்கின சிலுவாருக்கும் கால் நீளமாத்தானே இருக்கு?”

எத்துணை பெரிய உண்மை! ஆயத்த உடை யாரையும் அளந்து தைக்கப்பட்டதன்று. அதை ஒருவர் உடம்புக்குப் பொருத்தமாக்க அளக்கத் தெரிந்த கை வேண்டும். பகையென்று நினைத்த பேரங்காடியே அன்றிலிருந்து அவர்களுக்கு வேலை அனுப்பத் தொடங்கியது.

அதே நோட்டு வேறொன்றையும் காட்டியது. வெளியே நின்ற பற்று 640 வெள்ளி. வீட்டுச் செலவுக்குக் கடை மேசையிலிருந்து எடுத்த காசுக்குக் கணக்கே இல்லை.

அவர்கள் செய்தது என்ன? ‘உடை திருத்தித் தரப்படும்’ என்று பலகை எழுதி, கூலி விவரத்தையும் தொங்கவிட்டார்கள். புதுத்துணிக்குப் பாதிப் பணம் முன்பணம் என்றார்கள். சொன்ன தேதியில் கொடுத்தார்கள். உரிமையாளர் சம்மதத்தோடு கடையில் பாதியைக் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞருக்கு விட்டார்கள். கடைக்கு ஒரு டின், வீட்டுக்கு ஒரு டின் என்று காசைப் பிரித்தார்கள். முதல் இரண்டு மாதமும் பற்றாக்குறைதான். மூன்றாம் மாதம் வாடகை தவணையில்லாமல் கட்டப்பட்டது. இன்று அவர்கள் செல்வந்தர்கள் அல்லர். ஆனால் மெஷின் விற்கப்படவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேயர்களே, வீட்டில் ரவிக்கை தைக்கும் தாய்மார்களும், பலகாரம் விற்போரும், ஆடு வளர்ப்போரும் நம்மிடையே உண்டு. மாவுக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கிறோம். நம் உழைப்பு நேரத்திற்கு மட்டும் பார்ப்பதில்லை. நேரமும் முதல்தான். அதையும் எழுதுங்கள். வீட்டுக் காசையும் தொழில் காசையும் கலக்காதீர்கள். கையில் கணக்கு இருந்தால், அவசரத்தில் வட்டிக்காரரைத் தேடி ஓடாமல், தெக்குன் நேஷனல் போன்ற சிறுதொழில் கடன் அமைப்பினரிடம் உங்கள் நிலையைத் தெளிவாக எடுத்துச் சொல்லலாம்.

எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறதல்லவா? இன்றிரவு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்குப் பாடம்; உங்களுக்கு வழிகாட்டி.