எண்ணச் சலிக்காத துணை



முதியவர்கள் வீட்டிலிருந்தே உடல் தேறப் பெரிதும் துணை நிற்பது உறவா, திரையில் தோன்றும் பயிற்சியாளரா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "இயந்திரத்துக்கு இதயம் உண்டா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். ஆனா ஐயா, மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு முதல்லே முழங்கால் மடங்கணும்! (சிரிப்பு)

மடங்கலேன்னா? நாற்காலியில் உட்கார்ந்து எழவே முழங்கால் ஏறத்தாழ 90 டிகிரி மடங்க வேண்டும். முதல் சில வாரங்களில் பயிற்சியை விட்டுவிட்டால், உள்ளே தழும்பு கட்டி மூட்டு இறுகிப்போகும். அவ்வளவு பணத்தைக் கொட்டி, அவ்வளவு வலியைப் பொறுத்து, கடைசியில் கழிப்பறைக்குப் போக ஆள் தேட வேண்டிய நிலை. மானத்தோடு வாழ்ந்த பெரியவருக்கு இதைவிட வேதனை உண்டா?

இப்ப உறவு என்ன செய்யுதுன்னு பாருங்க. முதல் நாள் மகன் பக்கத்திலே உட்கார்ந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறான். மூணாம் நாள் கைபேசியைப் பார்த்துக்கிட்டே எண்ணுகிறான். நாலுக்கு அப்புறம் ஏழு வருது! (பலத்த சிரிப்பு) பத்தாம் நாள் அப்பா "வலிக்குதுடா" என்கிறார். "சரி விடுங்கப்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்." அன்புதான் அப்படிச் சொல்லுது. அந்த அன்புதான் மூட்டையும் இறுக வைக்குது.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகள் தொலைக்காட்சி முன்னால் குதித்து விளையாட, 2010-இல் மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' என்றொரு கேமராவைக் கொண்டுவந்தது. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம், உடம்பின் அசைவை அதுவே அளந்துவிடும். பேரன் விளையாடிய கேமராவைத் தாத்தாவுக்கு வாத்தியாராக்கிவிட்டார்கள்! 'வேரா' என்று பெயர். திரையில் ஓர் உருவம் பயிற்சியைச் செய்துகாட்டும். நீங்கள் செய்வதைக் கேமரா பார்க்கும். கால் போதிய அளவு மடங்கியதா, எத்தனை முறை மடங்கியது, எல்லாம் கணக்கிலே ஏறும். நாலுக்கு அப்புறம் அஞ்சுதான்.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட 306 பேரை இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வேரா. மறு பிரிவுக்கு வழக்கமான நேரடிப் பயிற்சி. காலை மடக்குவதிலோ நீட்டுவதிலோ நடை வேகத்திலோ வேரா பிரிவு பின்தங்கவில்லை. திரும்பவும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது நேரடிப் பிரிவில் 30 முறை, வேரா பிரிவில் 12 முறை. செலவும் குறைவு. கவனிக்கணும் நடுவர் அவர்களே, அது மகனோடு போட்டி போடலை; படித்துத் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் கையோடு போட்டி போட்டு நின்றது! (கைதட்டல்)

அந்தத் திரைக்குப் பின்னால் ஆளே இல்லையா? இருக்கிறார். தொலைவிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் கணக்கைப் பார்க்கிறார், பயிற்சியைக் கூட்டுகிறார், குறைக்கிறார், திரையில் வந்து பேசவும் செய்கிறார். இதயம் எங்கேன்னு கேட்டீங்களே, அங்கே இருக்கு!

நிற்கவே தள்ளாடுகிறவருக்கும் கண் மங்கியவருக்கும் பக்கத்தில் ஒரு கை வேண்டும். மறுக்கவில்லை, அதை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

வள்ளுவப் பேராசான் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு பேரை, நான்கு உறுப்பைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து. நாலாவதாக, அருகிருந்து கவனிப்பவர். திரையை மருத்துவர் நாற்காலியில் உட்கார வைக்கிறோம் என்று எதிரணிக்குப் பயம். நாங்க கேட்கிறது அந்த நாலாவது முக்காலியிலே ஓர் ஓரம்தான்.

ஒரு மாமனார் மருமகளைக் கூப்பிட்டு, "அம்மா, காலை மடக்குறேன், கொஞ்சம் எண்ணும்மா" என்று தினமும் கேட்பாரா? கூச்சம் விடாதய்யா! திரை முன்னால் அந்தக் கூச்சம் இல்லை. எண்ணுகிற வேலையை அது பார்க்கட்டும். மருமகள் காபியோடு வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசட்டும்.

மணி அடிச்சாச்சு.  (கைதட்டல்)